பெயர் மட்டும் மாற வேண்டும்: ஸ்கேன் கோப்புகளின் பெயர்மாற்றம், லினக்ஸ் டெர்மினலில் ஒரு நிகழ்வு ஆய்வு

பணி இதுதான். ஒரு பழைய மாத இதழின் பக்கங்களை மூன்று பேர் பிரித்துக்கொண்டு ஸ்கேன் செய்திருக்கிறார்கள். ஒருவர் மேக்கில், ஒருவர் விண்டோஸில், இன்னொருவர் கைபேசியில். எல்லாம் இப்போது ஒரு லினக்ஸ் கணினியில், எக்ஸ்ட்4 கோப்பு முறைமை கொண்ட ஒரு பார்ட்டிஷனில் (வட்டின் ஒரு பகுதியில்), "இதழ்" என்ற ஒரே கோப்புறைக்குள் கிடக்கின்றன. சில ஆயிரம் படங்கள். பெயர்களில் ஒழுங்கு கிடையாது: "பக்கம்1.ஜேபிஇஜி", "பக்கம் 10.ஜேபிஜி", "பக்கம்012.ஜேபிஜி", "தொகுப்பு-3 (நகல்).ஜேபிஜி". சிலவற்றில் பின்னொட்டு ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கிறது. கூடவே இந்தப் பெயர்களைக் குறிப்பிடும் ஓர் அட்டவணையும் சில எச்டிஎம்எல் பக்கங்களும் உள்ளன. எல்லாப் படமும் "இதழ்-0001.ஜேபிஜி" என்ற ஒரே அமைப்புக்கு வர வேண்டும். அட்டவணையும் பக்கங்களும் புதிய பெயருக்கு மாற வேண்டும். ஒரு படம்கூடத் தொலையக் கூடாது.

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறது. டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். தெரிவுகளைப் பெரும்பாலும் நீளவடிவிலேயே கொடுத்திருக்கிறது. ஒற்றை எழுத்தைவிட நீளவடிவம் என்ன செய்யும் என்பதைத் தானே சொல்லிவிடும். ஸ்கிரிப்டில் எழுதி வைத்து ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போதும் அதுதான் புரியும்.

பெயர் கோப்புக்குள் இல்லை

லினக்ஸில் கோப்பின் உள்ளடக்கம், உரிமை, தேதி எல்லாம் ஐநோடு என்ற பதிவோடு சேர்ந்தவை. பெயர் அங்கே இருக்காது. கோப்புறைதான் "இந்தப் பெயர், இந்த ஐநோடு எண்" என்று வரிசையாக வைத்திருக்கும் பட்டியல். பெயரை மாற்றினால் அந்தப் பட்டியலில் ஒரு வரி மட்டும் மாறும். அதனால்தான் ஒரே பார்ட்டிஷனுக்குள் 10 கிலோபைட் படமும் 10 ஜிகாபைட் வீடியோவும் ஒரே வேகத்தில் பெயர் மாறுகின்றன.

வேறு பார்ட்டிஷனுக்கோ பென்டிரைவுக்கோ நகர்த்தினால் கதை வேறு. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் பெயர்மாற்றத்தை மறுத்துவிடும். பெயர் மாற்றவும் நகர்த்தவும் உதவும் எம்வி கட்டளை சத்தமில்லாமல் முழுக்க நகலெடுத்துவிட்டு மூலத்தை அழிக்கும். நடுவில் மின்சாரம் போனால் பாதி இங்கே, பாதி அங்கே. ஆகவே பெயர்மாற்றத்தை முதலில் அதே இடத்தில் முடித்துவிட்டு, இடமாற்றத்தைத் தனியே செய்வது நல்லது.

பெயர் தனி, உள்ளடக்கம் தனி என்பதிலிருந்தே மிகச் சிக்கனமான காப்பு ஒன்று கிடைக்கிறது:

சிபி --ஆர்க்கைவ் --லிங்க் இதழ் இதழ்-காப்பு

இது படங்களை நகலெடுப்பதில்லை. ஒவ்வொரு ஐநோடுக்கும் இரண்டாவதாக ஒரு பெயரை, அதாவது ஹார்ட் லிங்க்கை, காப்புக் கோப்புறையில் போட்டு வைக்கிறது. 40 ஜிகாபைட் தொகுப்பாக இருந்தாலும் சில விநாடிகளில் முடிந்துவிடும், கூடுதல் இடமும் கிட்டத்தட்ட ஆகாது. "இதழ்" கோப்புறைக்குள் பெயர்கள் எவ்வளவு குழம்பினாலும் பழைய பெயர் ஒவ்வொன்றும் காப்பில் அப்படியே நிற்கும். தவறுதலாக ஒரு படத்தின் மேல் இன்னொன்றை எழுதிவிட்டாலும் அழிந்தது ஒரு பெயர்தான், படம் காப்பில் உயிரோடு இருக்கும். பெயர்மாற்ற வேலைக்கு இதைவிட மலிவான பாதுகாப்பு இல்லை. இதைச் செய்யாமல் தொடங்கவே கூடாது.

இதற்கும் எல்லை உண்டு. பென்டிரைவில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் முறைமைகளில் ஹார்ட் லிங்க்கே கிடையாது. கோப்புகள் வேறொரு பயனருக்குச் சொந்தமாக இருந்து உங்களுக்கு எழுதும் உரிமையும் இல்லையென்றால், உபுண்டு, ஃபெடோரா போன்ற பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களில் கெர்னல் பாதுகாப்பு விதி லிங்க் போட விடாது. அனுமதி இல்லை என்ற பிழைதான் வரும். இன்னொன்று, கோப்பைத் திறந்து அதே ஐநோடுக்குள் எழுதும் எந்த வேலையும் காப்பையும் சேர்த்தே மாற்றிவிடும். இது பின்னால் அட்டவணையைத் திருத்தும் இடத்தில் முக்கியமாகும்.

காப்புக்குப் பிறகு ஐநோடு எண்களின் பட்டியலை எடுத்து, கோப்புறைக்கு வெளியே வைக்க வேண்டும்:

ஃபைண்ட் இதழ் -டைப் எஃப் -பிரிண்ட்எஃப் '%ஐ\என்' | சார்ட் > முன்.டிஎக்ஸ்டி

வேலை முடிந்ததும் இதே பட்டியலை மறுபடி எடுத்து டிஃப் கட்டளையால் ஒப்பிட்டால், ஒரு படமும் தொலையவில்லை, புதிதாக எதுவும் நுழையவில்லை என்பது உறுதியாகும். உள்ளடக்கத்தை ஒப்பிட உதவும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட எல்லாப் படத்தையும் முழுக்கப் படிக்க வேண்டும். ஐநோடு ஒப்பீட்டுக்குக் கோப்புறைப் பட்டியலே போதும்.

நட்சத்திரக் குறியை விரிப்பது ஷெல்

விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட்டிலிருந்து வருபவர்கள் முதலில் முயல்வது இது:

எம்வி *.ஜேபிஇஜி *.ஜேபிஜி

எம்வி இந்த நட்சத்திரங்களைப் பார்ப்பதே இல்லை. தட்டும் கட்டளையைப் படித்து இயக்கும் பாஷ் ஷெல் முதலிலேயே அவற்றைக் கோப்புப் பெயர்களாக விரித்துவிடும். கோப்புகள் நிறைய இருந்தால் கடைசிப் பெயர் கோப்புறை இல்லை என்று பிழை வரும். அது நல்லது, எதுவும் மாறாது. ஜேபிஇஜி கோப்பு ஒன்றே ஒன்றும் ஜேபிஜி கோப்பு எதுவும் இல்லாமலும் இருந்தால், அந்தக் கோப்பின் பெயர் நட்சத்திரத்தோடு சேர்ந்த "*.ஜேபிஜி" என்றே ஆகிவிடும். இரண்டிலும் ஒவ்வொன்று இருந்தால் முதலாவது இரண்டாவதன் மேல் போய் உட்காரும். பிழைச் செய்தி வராது, கேள்வியும் வராது. எம்வியின் இயல்பே கேட்காமல் மேலெழுதுவது. பல விநியோகங்களில் கேட்பது போலத் தோன்றுவதற்குக் காரணம் பாஷ் அமைப்பில் வைத்த ஒரு அலியாஸ், அதாவது கட்டளைக்கு வைக்கும் மாற்றுப்பெயர். ஸ்கிரிப்டுக்குள் அந்த அலியாஸ் வேலை செய்யாது.

ஒரே பெயரில் இரண்டு ரீநேம்

மொத்தமாகப் பெயர் மாற்ற ரீநேம் கட்டளை இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் இரண்டு வெவ்வேறு நிரல்கள் புழக்கத்தில் உள்ளன. உபுண்டு, டெபியனில் ரீநேம் தொகுப்பை நிறுவினால் வருவது பெர்ல் மொழியில் எழுதியது. அதற்கு, உரையைத் திருத்தும் செட் கட்டளையின் பாணியில், எதை எதுவாக மாற்றுவது என்று சொல்லும் மாற்றுக்கோவை கொடுக்க வேண்டும். ஃபெடோரா, ஆர்ச்சில் இயல்பாக இருப்பது யூட்டில்-லினக்ஸ் தொகுப்பைச் சேர்ந்தது. அதற்குக் கோவை தெரியாது. பழைய துண்டு, புதிய துண்டு, கோப்புகள் என்று வரிசையாகக் கொடுத்தால் பெயரில் முதலில் வரும் இடத்தில் மட்டும் மாற்றும். பின்னதன் கணினியில் முன்னதன் கோவையைக் கொடுத்தால் அது அந்தக் கோவையையே பழைய துண்டு என்றும், முதல் கோப்பின் பெயரைப் புதிய துண்டு என்றும் எடுத்துக்கொள்ளும். எதுவும் பொருந்தாது, எதுவும் மாறாது, திரையிலும் ஒன்றும் வராது. வெளியேறும் எண் மட்டும் 4 என்று இருக்கும். கோவை சரிதானா என்று திரும்பத் திரும்பப் பார்த்து நேரத்தைத் தொலைப்பவர்கள் முதலில் "ரீநேம் --வெர்ஷன்" என்று தட்டிப் பார்ப்பது நல்லது. விடையில் யூட்டில்-லினக்ஸ் என்று வந்தால் இது பின்னது.

பெர்ல் ரீநேம் ஏற்கெனவே இருக்கும் பெயரின் மேல் எழுத மறுக்கும். யூட்டில்-லினக்ஸ் ரீநேம் கேட்காமல் எழுதிவிடும். அதனால் அங்கே --நோ-ஓவர்ரைட் என்ற தெரிவைச் சேர்த்தே ஆக வேண்டும். இரண்டிலும் -என் தெரிவு எதையும் மாற்றாது. மாற்றினால் எப்படி இருக்கும் என்று பெர்ல் வகை தானே காட்டும்; யூட்டில்-லினக்ஸ் வகையில் அதைப் பார்க்க --வெர்போஸ் தெரிவையும் சேர்க்க வேண்டும்.

இந்தத் தொகுப்பின் பின்னொட்டுகளை ஒன்றாக்க, பெர்ல் வகையில்:

ரீநேம் -என் 'எஸ்/\.ஜேபிஇ?ஜி$/.ஜேபிஜி/ஐ' *

கடைசியில் உள்ள ஐ என்ற எழுத்து, பெரிய எழுத்து சிற்றெழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் தேடச் சொல்கிறது. புள்ளிக்கு முன் சாய்கோடு இல்லாவிட்டால் புள்ளி எந்த எழுத்தோடும் பொருந்தும். டாலர் குறி இல்லாவிட்டால் பெயரின் நடுவிலும் மாறும்.

வெள்ளோட்டத்தில் பட்டியல் அழகாகத் தெரியும். அதை நம்பி உடனே -என் தெரிவை நீக்கிவிடக் கூடாது. "பக்கம்1.ஜேபிஇஜி" ஒன்று, பெரிய எழுத்துப் பின்னொட்டோடு இன்னொரு "பக்கம்1" என இரண்டும் இருந்தால் இரண்டுமே "பக்கம்1.ஜேபிஜி" ஆகப் போகின்றன. வெள்ளோட்டம் அப்போது வட்டில் இருக்கும் பெயர்களோடு மட்டும் ஒப்பிடும். ஒரே ஓட்டத்தில் இரண்டு கோப்புகள் ஒரே பெயரைக் கேட்பதை அது சொல்லாது. உண்மையான ஓட்டத்தில் பெர்ல் வகை இரண்டாவதை விட்டுவிட்டு எச்சரிக்கும். எம்வி லூப்பாக இருந்தால் முதலாவது அழிந்திருக்கும். கோப்புகள் நூறைத் தாண்டினால் கட்டளையை நேரே ஓட்டாமல் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயாரிப்பதே மேல் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

கண்ணுக்கு ஒன்று, பைட்டுக்கு இரண்டு

பட்டியலுக்குப் போகுமுன் தமிழ்ப் பெயர்களுக்கே உரிய சிக்கல் ஒன்றைத் தீர்க்க வேண்டும். இந்த நிகழ்வின் மிகக் கடினமான இடம் இதுதான். பொதுவான லினக்ஸ் பாடங்களில் இது வருவதும் குறைவு.

லினக்ஸுக்குக் கோப்புப் பெயர் என்பது எழுத்துகள் அல்ல, பைட்டுகள். சுழிய பைட்டும் சாய்கோடும் தவிர எதுவும் பெயருக்குள் வரலாம். வெற்றிடம், புதுவரி, கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி எதுவாகவும் இருக்கலாம். "தொகுப்பு" என்ற சொல்லில் உள்ள "தொ" யூனிகோடில் இரண்டு விதமாக எழுதப்படலாம். ஒன்று, த-வுக்குப் பின் ஒகரக் குறி ஒரே குறியீடாக. மற்றொன்று, எகரக் கொம்பு தனி, துணைக்கால் தனி என்று இரண்டு குறியீடுகளாக. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. பெரும்பாலான தமிழ் விசைப்பலகைகள் முதல் வடிவத்தைத் தருகின்றன. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை எல்லாப் பெயரையும் பிரித்து இரண்டாம் வடிவத்திலேயே சேமிக்கும். 2017-இல் வந்த மேக் ஓஎஸ் 10.13 முதல் இயல்பாகிவிட்ட ஏபிஎஃப்எஸ், கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். ஆனால் பழைய வட்டிலிருந்து நகர்ந்து வந்த பெயர்கள் பிரிந்தபடியே இருக்கும். எக்ஸ்ட்4 இவற்றில் எதையும் தொடாது. ஆகவே ஒரே கோப்புறையில் "தொகுப்பு-3.ஜேபிஜி" என்று இரண்டு கோப்புகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்க முடியும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி:

எல்சி_ஆல்=சி எல்எஸ் --எஸ்கேப்

இது தமிழ் எழுத்துகளை எண்ம (எட்டின் அடிமான) எண்களாகக் காட்டும். ஒகரக் குறி ஒன்றாக இருந்தால் \340\257\212 என்று வரும். பிரிந்திருந்தால் \340\257\206\340\256\276 என்று வரும். முதலாவதில் 3 பைட், இரண்டாவதில் 6. "தொகுப்பு" என்ற சொல் முதல் வடிவத்தில் 24 பைட், இரண்டாவதில் 27. பட்டியலில் \342\200\214 என்று எங்காவது கண்டால், யாரோ இணையத்திலிருந்து ஒட்டிய பெயரோடு கண்ணுக்குத் தெரியாத இணைப்பிலிக் குறியும் சேர்ந்து வந்திருக்கிறது என்று பொருள்.

வடிவங்களை ஒன்றாக்க கன்வ்எம்வி என்ற கருவி இருக்கிறது:

கன்வ்எம்வி -எஃப் யூடிஎஃப்8 -டி யூடிஎஃப்8 --என்எஃப்சி -ஆர் இதழ்

இதில் -எஃப் மூல வடிவத்தையும் -டி இலக்கு வடிவத்தையும் குறிக்கும். கன்வ்எம்வியின் நல்ல குணம், தானாக எதையும் மாற்றாது. என்ன செய்யப் போகிறது என்று மட்டும் சொல்லும். படித்துச் சரிபார்த்த பிறகு --நோடெஸ்ட் என்று சேர்த்தால்தான் உண்மையில் மாற்றும். இலக்குப் பெயர் ஏற்கெனவே இருந்தால் அந்தக் கோப்பை மாற்றாமல் விட்டுவிடும். அந்த இடத்தில் இரண்டு படங்களையும் சிஎம்பி கட்டளையால் ஒப்பிட்டு, ஒன்றே என்றால் ஒன்றை நீக்கலாம், வேறென்றால் ஒன்றுக்குக் கையால் வேறு பெயர் தர வேண்டும்.

யூனிகோடின் விதிப்படி ஒன்றெனக் கருதப்படும் வடிவங்களை மட்டுமே இக்கருவி இணைக்கும். ஸ்ரீ என்ற எழுத்து ஸகரத்தை வைத்தும் 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் எழுதப்படுகிறது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். யூனிகோடு இவற்றைச் சமமாகக் கருதுவதில்லை. அதுபோலவே ஔவையாரை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருப்பார்கள். இவற்றைத் தனிக் கோவைகளால்தான் திருத்த வேண்டும். திருத்த முனையும்போது, எழுத்துகளை மாற்றவும் நீக்கவும் பயன்படும் டிஆர் கட்டளையின் பக்கமே போகக் கூடாது. குனு டிஆர் பைட்டு பைட்டாக வேலை செய்கிறது. பெயரிலிருந்து ஒரு ஆய்த எழுத்தை நீக்கச் சொன்னால் அதன் மூன்று பைட்டுகளையும் எங்கே கண்டாலும் நீக்கும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் 340 என்ற பைட்டில் தொடங்குவதால் பெயர் முழுவதும் குப்பையாகிவிடும். யூடிஎஃப்-8 லோக்கேலில் (மொழி அமைப்பில்) செட் எழுத்தைச் சரியாகவே எண்ணும். பெர்ல் ரீநேமில் அதற்கென --யூனிகோடு தெரிவு இருக்கிறது. அது இல்லாவிட்டால் கோவையில் வரும் ஒரு புள்ளி ஒரு பைட்டோடு மட்டுமே பொருந்தும்.

பெயர்நீளமும் பைட்டில்தான் அளக்கப்படுகிறது. எக்ஸ்ட்4-இல் ஒரு பெயருக்கு 255 பைட். தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட் என்பதால் 85 குறியீடுகளோடு முடிந்துவிடும். உயிர்மெய்யில் வரும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் கண்ணுக்குத் தெரியும் எழுத்து ஐம்பதை ஒட்டித்தான் இருக்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் 255 யூடிஎஃப்-16 அலகுகள் வரை ஏற்கும். கட்டுரைத் தலைப்பையே பெயராக வைத்த கோப்புகள் அங்கே ஒழுங்காக இருந்துவிட்டு இங்கே நகலெடுக்கும்போது பெயர் மிக நீளம் என்று தடுக்கப்படுவது இதனால்தான். கடைசிப் பெயர்களைச் சின்னதாக, எண்ணோடு வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பட்டியல்

இப்போது இரண்டு நெடுவரிசைப் பட்டியல் ஒன்றை உருவாக்குகிறோம்: இடப்பக்கம் பழைய பெயர், ஒரு டேப், வலப்பக்கம் புதிய பெயர். பழைய பெயர்களுக்குள்ளேயே டேப்போ புதுவரியோ இல்லை என்பதை முன்கூட்டியே ஃபைண்ட் மூலம் பார்த்துவிட வேண்டும். இருந்தால் அவற்றை முதலில் கையால் சரிசெய்வதே சுலபம். புதிய பெயருக்கான எண் பழைய பெயரிலிருந்தே கிடைக்கும். "பக்கம் 10" என்பதில் வெற்றிடம் இருக்கிறது, "பக்கம்2" என்பதில் இல்லை. ஆகவே வரிசைப்படுத்தி வரிசை எண் கொடுத்தால் பக்கங்கள் இடம் மாறும். பெயரிலிருந்து இலக்கங்களைப் பிரித்தெடுத்து, நான்கு இலக்கத்துக்கு முன்பூச்சியம் சேர்ப்பதே சரி.

இங்கே ஒரு குழி இருக்கிறது. பாஷும் அதன் பிரிண்ட்எஃப் கட்டளையும் பூச்சியத்தில் தொடங்கும் எண்ணை எண்ம எண்ணாக எடுத்துக்கொள்ளும். 08, 09 வந்தால் பிழை காட்டும், அதனால் தெரிந்துவிடும். 012 வந்தால் சத்தமே இல்லாமல் 10 ஆகிவிடும்! "பக்கம்012" பத்தாம் பக்கத்தின் பெயரைக் கேட்டு நிற்கும். தீர்வு சின்னது: பாஷ் கணக்கீட்டு அடைப்புக்குள் எண்ணுக்கு முன்னால் 10# என்று போட்டால் அது பதின்மம்தான் என்று உறுதியாகிவிடும்.

பட்டியலைக் கையில் எடுத்தவுடன் முதல் சோதனை, வலப்பக்கத்தில் ஒரே பெயர் இருமுறை வருகிறதா என்பது:

கட் -எஃப்2 பட்டியல்.டிஎஸ்வி | எல்சி_ஆல்=சி சார்ட் | எல்சி_ஆல்=சி யூனிக் --ரிப்பீட்டட்

ஒரு வரிகூட வரக் கூடாது. எல்சி_ஆல்=சி என்பது பைட்டுக்குப் பைட் ஒப்பிடச் சொல்வது; மொழிவாரி வரிசை விதிகள் குறுக்கே வராது. இரண்டாவது சோதனை, வலப்பக்கப் பெயர் எதுவும் இடப்பக்கத்திலும் இருக்கிறதா என்பது. இருந்தால் வரிசை முக்கியமாகிறது. 0001 என்ற பெயர் 0002 ஆகவும், 0002 என்பது 0003 ஆகவும் நகர வேண்டும் என்றால் கடைசியிலிருந்துதான் தொடங்க வேண்டும். இரண்டு கோப்புகள் பெயரை ஒன்றோடொன்று மாற்றிக்கொள்ள வேண்டும் என்றால் எந்த வரிசையும் உதவாது. 2014-இல் வந்த லினக்ஸ் 3.15 கெர்னலிலேயே இரண்டு பெயர்களை ஒரே வீச்சில் மாற்றும் வசதி இருக்கிறது. எம்வி கட்டளைக்கு --எக்ஸ்சேஞ்ச் தெரிவு வந்தது 2024-இல், எம்வி, சிபி போன்ற அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான கோர்யூட்டில்ஸின் 9.5 பதிப்பில்தான். தொகுப்பு முழுவதற்கும் எளிய வழி, எல்லாவற்றையும் முதலில் வேறெங்கும் இல்லாத ஒரு முன்னொட்டோடு தற்காலிகப் பெயருக்கு மாற்றிவிட்டு, இரண்டாம் சுற்றில் இறுதிப் பெயருக்குக் கொண்டுவருவது.

பட்டியலை லிப்ரே ஆபிஸ் கால்க்கில் திறந்து கண்ணால் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் விண்டோஸில் திறந்து சேமித்திருந்தால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு கேரேஜ் ரிட்டர்ன், அதாவது கண்ணுக்குத் தெரியாத வரியிறுதிக் குறி, ஒட்டியிருக்கும். அது புதிய பெயரின் கடைசி பைட்டாகவே போய்ச் சேரும். எல்எஸ் அதை டெர்மினலில் பெயரின் கடைசியில் \ஆர் என்றோ கேள்விக்குறியாகவோ காட்டும், படம்காட்டி பின்னொட்டை அடையாளம் காணாது. செட் மூலம் வரியிறுதியைச் சுத்தம் செய்துவிட்டுத் தொடர வேண்டும்.

ஓட்டம்:

வொயில் ஐஎஃப்எஸ்=$'\டி' ரீட் -ஆர் பழசு புதுசு; டூ எம்வி --வெர்போஸ் --நோ-க்ளாபர் --நோ-டார்கெட்-டைரக்டரி -- "$பழசு" "$புதுசு"; டன் < பட்டியல்.டிஎஸ்வி | டீ பதிவு.டிஎக்ஸ்டி

இதில் ஒவ்வொரு துண்டுக்கும் வேலை இருக்கிறது. இரட்டை மேற்கோள் இல்லாவிட்டால் "பக்கம் 10" இரண்டு கோப்புகளாக உடையும். தனியே நிற்கும் இரட்டைக் கோடு, சிறுகோட்டில் தொடங்கும் பெயரைத் தெரிவு என்று எம்வி எண்ணிவிடாமல் காக்கும். --நோ-டார்கெட்-டைரக்டரி இல்லையென்றால், புதிய பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்புறை இருக்கும்போது படம் அதற்குள் போய் மறைந்துவிடும். --நோ-க்ளாபர் மேலெழுதலைத் தடுக்கும். ஆனால் தடுத்ததை வெளியேறும் எண்ணை வைத்துத் தெரிந்துகொள்ள முயலக் கூடாது. கோர்யூட்டில்ஸ் 9.2-இல் அந்த எண்ணின் போக்கு மாற்றப்பட்டது. பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும். பதிவில் உள்ள வரிகளை எண்ணி, பட்டியலின் வரிகளோடு ஒப்பிடுவதே நம்பகமானது.

கோப்புறைகளின் பெயரும் மாற வேண்டும் என்றால் ஃபைண்ட் கட்டளையில் -டெப்த் சேர்த்து, ஆழத்தில் இருப்பதை முதலில் மாற்ற வேண்டும். மேல் கோப்புறையை முதலில் மாற்றிவிட்டால் கீழே உள்ள எல்லாப் பாதையும் செல்லாததாகிவிடும்.

ஓட்டம் முடிந்தவுடன், வேறெதையும் தொடுவதற்கு முன், ஐநோடு பட்டியலை மறுபடி எடுத்து டிஃப் போட வேண்டும். நகல் என்று தெரிந்தே நீக்கியவை தவிர வேறெதுவும் திரையில் வராவிட்டால் படங்கள் பத்திரம்.

அட்டவணைக்குள்ளும் பக்கங்களுக்குள்ளும்

பெயர் மாறியது, இனி அந்தப் பெயரைச் சொல்லும் கோப்புகள் மாற வேண்டும். பட்டியலையே நூற்றுக்கணக்கான செட் மாற்றுகளாக்கி ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும் வழி ஆபத்தானது. அட்டவணையில் பின்னொட்டு இல்லாமல் "பக்கம்1" என்று மட்டும் இருந்தால், அதற்கான மாற்று "பக்கம்10", "பக்கம்112" எல்லாவற்றின் தலையையும் சேர்த்து வெட்டும். ஒரு மாற்று தந்த புதிய பெயரை அடுத்த மாற்று பழைய பெயராக நினைத்து மறுபடி மாற்றும். நெடுவரிசை உரையைக் கையாளும் ஆக் மொழியில் பட்டியல் முழுவதையும் ஓர் அர்ரேயில் (நினைவக அட்டவணையில்) ஏற்றிக்கொண்டு, அட்டவணையின் அந்த நெடுவரிசையில் உள்ள செல் முழுவதையும் ஒரே ஒரு முறை தேடி மாற்றினால் இரண்டு சிக்கலும் எழாது. அட்டவணையும் டேப் பிரிப்பில் இருந்தால் வேலை சுலபம். காற்புள்ளி பிரிப்பும் மேற்கோளும் கலந்திருந்தால் முதலில் டேப்புக்கு மாற்றிவிடுவது நல்லது.

அட்டவணை மேக்கில் தயாரானதா, விண்டோஸில் தயாரானதா என்பதும் பார்க்க வேண்டியது. கோப்புப் பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம், உள்ளே எழுதியிருக்கும் பெயர்கள் இன்னும் பிரிந்த வடிவத்தில் இருக்கலாம். அப்போது உரைக்குள் தேடும் கிரெப் கட்டளை எதையும் கண்டுபிடிக்காது. ஐசியு என்ற யூனிகோடு மென்பொருள் தொகுப்பில் உள்ள யூகன்வ் கருவி உரையின் வடிவத்தை ஒன்றாக்கித் தரும். எச்டிஎம்எல் பக்கங்களில் இன்னொரு தடை: இணைப்புகளில் தமிழ்ப் பெயர் தமிழாக இல்லாமல், ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு பதினறும எண்ணாக எழுதப்பட்டிருக்கலாம். அந்த வடிவத்தையும் பட்டியலில் மூன்றாவது நெடுவரிசையாகச் சேர்த்துத் தேட வேண்டும்.

திருத்திய உரையை எங்கே எழுதுவது? அதே கோப்புக்குள் திசைதிருப்பினால் ஷெல் கட்டளையைத் தொடங்குமுன்பே கோப்பைக் காலியாக்கிவிடும். ஆக் படிக்கும்போது உள்ளே ஒன்றும் இருக்காது. சிபி கொண்டு மேலே எழுதினால் பழைய ஐநோடுக்குள்ளேயே எழுதப்படும். அப்படியானால் ஹார்ட் லிங்க் காப்பில் உள்ள அட்டவணையும் மாறிவிடும், நடுவில் நின்றால் பாதிக் கோப்புதான் மிஞ்சும். சரியான முறை, அதே கோப்புறையில் தற்காலிகக் கோப்பாக எழுதி, சரிபார்த்து, எம்வி கொண்டு பழைய பெயரின் மேல் வைப்பது. அந்த நொடியில் பெயரைத் திறப்பவருக்கு முழுப் பழையதோ முழுப் புதியதோ கிடைக்கும், நடுநிலை ஒன்று கிடையாது. தற்காலிகக் கோப்பை டிஎம்பி கோப்புறையில் வைக்கக் கூடாது. அது பல கணினிகளில் நினைவகத்தில் இருக்கும் தனி முறைமை என்பதால் எம்வி மறுபடி நகலெடுப்பாகிவிடும். புதிய கோப்புக்குப் பழையதன் உரிமைகள் தானாக வராது. உரிமையை மாற்றும் சிஎச்மாட், உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் இரண்டுக்கும் --ரெஃபரன்ஸ் தெரிவில் பழைய கோப்பைக் காட்டிவிட்டு எம்வி செய்ய வேண்டும்.

"பெயரின் மேல் பெயரை வைத்தால் போதும்" என்ற நம்பிக்கை 2009-இல் ஒருமுறை பெரிதாகச் சோதிக்கப்பட்டது. எக்ஸ்ட்4 அப்போது புதிது. உள்ளடக்கத்தை வட்டில் எழுதுவதைத் தள்ளிப்போடும் அதன் முறையால், பெயர்மாற்றம் வட்டுக்குப் போய்விட்டு உள்ளடக்கம் போகாத இடைவெளியில் கணினி நின்றால், மறுபடி தொடங்கும்போது அமைப்புக் கோப்புகள் பூச்சியம் பைட்டாக இருந்தன. உபுண்டு பயனர்களின் புகார்களைத் தொடர்ந்து, எக்ஸ்ட்4-ஐப் பராமரித்த தியோடர் சோ திருத்தங்களை எழுதினார்; 2.6.30 கெர்னல் முதல், மேலே வைக்கும் பெயர்மாற்றத்தைக் கண்டால் உள்ளடக்கத்தையும் சேர்த்தே வட்டுக்குத் தள்ளும் ஏற்பாடு வந்தது. மற்ற முறைமைகளிலும் பாதுகாப்பாக இருக்க வேண்டுமென்றால் எம்விக்கு முன் தற்காலிகக் கோப்பின் பெயரைக் கொடுத்து, உள்ளடக்கத்தை வட்டுக்குத் தள்ளும் சிங்க் கட்டளையை ஓட்டிவிடலாம்.

எச்டிஎம்எல் பக்கங்களுக்கு செட் --இன்-ப்ளேஸ் போதும். அது உள்ளுக்குள் செய்வதும் இதேதான்: தற்காலிகக் கோப்பு, பிறகு பெயர்மாற்றம். அதனால் காப்பில் உள்ள பழைய பக்கம் தப்பும். ஆனால் அந்தப் பக்கம் ஒரு சிம்லிங்க்காக, அதாவது வேறொரு கோப்பின் பாதையைச் சுட்டும் குறுக்குவழியாக இருந்தால், --ஃபாலோ-சிம்லிங்க்ஸ் சேர்க்காவிட்டால் லிங்க் அழிந்து அங்கே தனிக் கோப்பு நிற்கும். உண்மையான மூலம் திருத்தப்படாமலே இருக்கும். நிரலைத் தனிச் சூழலில் ஓட்டும் டாக்கர் கன்டெய்னருக்குள் ஒற்றைக் கோப்பாக மவுண்ட் செய்திருந்தால் (இணைத்திருந்தால்), வெளியே செய்த மாற்றம் உள்ளே தெரியாது. மவுண்ட் பிடித்திருப்பது பழைய ஐநோடை. கன்டெய்னரை மறுபடி தொடங்க வேண்டும், இல்லையென்றால் முதலிலேயே கோப்புறையாக மவுண்ட் செய்ய வேண்டும்.

கடைசிச் சரிபார்ப்பு, அட்டவணையில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் வட்டில் ஒரு கோப்பு இருக்கிறதா, வட்டில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் அட்டவணையில் ஒரு வரி இருக்கிறதா என்று காம் கட்டளையால் இரண்டு பக்கமும் பார்ப்பது. இரண்டும் பொருந்திய பிறகு பட்டியலையும் பதிவையும் தொகுப்போடு சேர்த்து வைத்துவிட்டு "இதழ்-காப்பு" கோப்புறையை நீக்கலாம். நீக்கும்போது வட்டின் இட நிலவரத்தைச் சொல்லும் டிஎஃப் கட்டளை காட்டும் காலியிடம் ஏறக்குறைய மாறாது. திருத்தப்பட்ட அட்டவணை, பக்கங்கள் ஆகியவற்றின் பழைய பிரதிகள் எடுத்துக்கொண்ட சில கிலோபைட்டுகளும், நகல் என்று தெரிந்தே நீக்கிய படங்களின் இடமும் மட்டும் திரும்பி வரும். அதற்கு மேல் பெரிய அளவில் இடம் காலியானால் உடனே நிறுத்தி, ஐநோடு பட்டியலை இன்னொரு முறை ஒப்பிட வேண்டும்: காப்பில் மட்டும் எஞ்சியிருந்த ஏதோ ஒரு படம் அழிந்துகொண்டிருக்கிறது.